விண்ணப்பம் யார் மேசைக்குப் போகிறது?

கேள்வி:

எனக்குச் சொந்த ஊர் கல்வராயன்மலை. பி.சி.ஏ. கடைசி ஆண்டு படிக்கிறேன். வெள்ளிமலைப் பக்கம் என் சித்தப்பா இ-சேவை மையம் வைத்திருக்கிறார். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று யார் எதற்கு விண்ணப்பித்தார்கள், அது இப்போது எந்த அலுவலகத்தில் நிற்கிறது என்பதையெல்லாம் ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பார். அந்த நோட்டுக்குப் பதிலாக லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் ஒரு சிறிய தளம் செய்துகொண்டிருக்கிறேன். கல்லூரியில் வெறும் பிஎச்பிதான் சொல்லிக்கொடுத்தார்கள். ஃபார்மின் ஆக்‌ஷனில் ‘சேவ் டாட் பிஎச்பி’ என்று போட்டால் அந்தக் கோப்பு ஓடும், அது புரிந்தது. லாராவெலில் அப்படி ஒரு கோப்பே இல்லையே? பொத்தானை அழுத்தியதும் எந்த ஃபங்ஷனை ஓட்டுவது என்று சர்வருக்கு எப்படித் தெரிகிறது?

திருத்தும் பக்கத்தில் 405 வருகிறது. சில நேரம் 419. அதைவிடக் கொடுமை ஒன்று இருக்கிறது. என் லேப்டாப்பில் ஒழுங்காகச் சேமிக்கிறது. ஹோஸ்டிங்கில் ஏற்றிய பிறகு ‘சேமி’யை அழுத்தினால் பட்டியல் பக்கம் வந்து நிற்கிறது. பதிவு ஏறவில்லை, பிழைச் செய்தியும் இல்லை.

கடைசியாக ஒன்று. எங்கள் மலையாளிப் பழங்குடிச் சமூகத்தாருக்குச் சாதிச் சான்று கோட்டாட்சியர் வரை போய்த்தான் வரும். மற்றவர்களுக்குக் கீழேயே முடிந்துவிடும். இதற்குத் தனித்தனி ஃபார்ம், தனித்தனி ஆக்‌ஷன் எழுத வேண்டுமா?

— ஒரு வாசகி, கல்வராயன்மலை வட்டம்

பதில்:

பொத்தானை அழுத்தியதும் உலாவியிலிருந்து புறப்படுவது வெறும் எழுத்துதான். அதன் முதல் வரியில் இரண்டு விஷயங்கள் இருக்கும்: ‘போஸ்ட்’ என்ற செயல்முறை, ‘/விண்ணப்பங்கள்’ என்ற பாதை. (பாதைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன். நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பீர்கள்.) அதன் கீழே சில தலைப்பு வரிகள், பிறகு ஒரு வெற்று வரி, அதற்கும் கீழே உடல். பெயர், ஊர், சமூகம், சான்றின் வகை என்று உங்கள் சித்தப்பா நிரப்பியதெல்லாம் அந்த உடலில்தான் இருக்கிறது.

எந்த ஃபங்ஷன் ஓட வேண்டும் என்பதை லாராவெல் முதல் வரியைப் பார்த்தே முடிவு செய்கிறது. உடலைப் படிப்பதில்லை. ரூட் கோப்பில் நீங்கள் எழுதிய வரிகளை எடுத்து, ‘இந்தச் செயல்முறையும் இந்தப் பாதையும் சேர்ந்தாற்போல் எங்காவது இருக்கிறதா’ என்று தேடும். கிடைத்தால் அந்த வரியில் குறித்த கன்ட்ரோலரின் ஆக்‌ஷனை அழைக்கும். ரெயில்ஸ், ஸ்பிரிங், ஏஎஸ்பி டாட் நெட் போன்ற மற்றக் கட்டமைப்புகளிலும் அடிப்படை இதுவே. ஜாங்கோ மட்டும் சற்று வேறு: அது பாதையை மட்டும் பொருத்திவிட்டு, வந்தது கெட்டா போஸ்டா என்று பார்க்கும் வேலையை உங்கள் வியூ ஃபங்ஷனிடம் விட்டுவிடும். அதனால் ஜாங்கோவில் ஒரே ஃபங்ஷன் ஃபார்மைக் காட்டவும் செய்யும், வாங்கவும் செய்யும். சிலருக்கு அது பிடிக்கும். எனக்குப் பிடிப்பதில்லை, ஆறு மாதம் கழித்துத் திறந்து பார்த்தால் எந்தப் பாதி எப்போது ஓடுகிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

‘அப்படியானால் கோப்பு எங்கே போயிற்று?’ என்று கேட்டீர்கள். நீங்கள் கல்லூரியில் படித்தது 1990-களின் முறை. 1993-இல் என்சிஎஸ்ஏ சர்வரோடு வந்த சிஜிஐ ஏற்பாட்டில், ஃபார்மின் ஆக்‌ஷன் சர்வரில் இருக்கும் ஒரு நிரலின் பெயரையே சுட்டியது. பாதையும் கோப்பும் ஒன்று. பிஎச்பி பிறந்ததும் அந்தச் சூழலில்தான், 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் அதை வெளியிட்டபோது ஃபார்ம்களை வாங்கிக் கையாள்வது அதன் முதன்மையான பயன்களில் ஒன்று. பத்துப் பக்கத் தளத்துக்கு இது போதும். நூறு பக்கமானால், ‘லாகின் செய்திருக்கிறாரா’ என்ற சோதனையை நூறு கோப்பிலும் எழுத வேண்டும், ஒன்றில் மறந்தாலும் கதவு திறந்துவிடும். அதனால் எல்லாக் கோரிக்கைகளையும் ஒரே கோப்பு வாங்கும் முறை வந்தது. லாராவெலில் பப்ளிக் கோப்புறைக்குள் இருக்கும் ‘இன்டெக்ஸ் டாட் பிஎச்பி’தான் அது. ‘கோப்பு எதுவும் கிடைக்காவிட்டால் இன்டெக்ஸிடம் கொடு’ என்று அப்பாச்சி சர்வருக்குச் சொல்லும் வரிகள் பக்கத்திலேயே உள்ள ‘டாட் எச்டிஅக்செஸ்’ கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பை நினைவில் வைத்திருங்கள், உங்கள் ஹோஸ்டிங் பிரச்சினையின் குற்றவாளி அதற்குள்தான் ஒளிந்திருக்கிறான் என்று நினைக்கிறேன்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தெளிந்தால் மற்றவை தானாகத் தெளியும்.

சித்தப்பாவின் கணினியில் அரசு இ-சேவைத் தளத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு குறியீடு இருக்கும். ஆர்.இ.வி-101 என்றால் சாதிச் சான்று, 102 இருப்பிடச் சான்று, 103 வருமானச் சான்று, 104 முதல் பட்டதாரிச் சான்று. விண்ணப்பதாரர் எந்தச் சமூகம், எந்த ஊர் என்று தெரிவதற்கு முன்பே இந்தக் குறியீடு முடிவாகிவிடுகிறது. எந்தச் சேவையைச் சொடுக்கினீர்களோ அந்தப் படிவம் திறக்கிறது. ரூட் என்பது இந்த இடத்தில் நிற்கிறது.

அதன் பிறகு நடப்பது வேறு. சாதிச் சான்று விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஏறும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றால் துணை வட்டாட்சியர் நிலையில் முடியும். பட்டியல் சாதியினர் என்றால் வட்டாட்சியர். நீங்கள் ‘மற்றவர்களுக்குக் கீழேயே முடிந்துவிடும்’ என்று ஒன்றாகச் சேர்த்துவிட்டீர்கள், அங்கே இரண்டு படி இருக்கிறது. பழங்குடியினர் என்றால் கோட்டாட்சியர், சார் ஆட்சியர் இருக்கும் இடத்தில் அவர். நான்கு வகையினருக்கும் படிவம் ஒன்றே, குறியீடும் அதே 101. யார் கையெழுத்து என்பதை உள்ளே எழுதியிருக்கும் சமூகம்தான் தீர்மானிக்கிறது.

ஆக, உங்கள் தளத்தில் ‘/பழங்குடி-விண்ணப்பங்கள்’, ‘/மற்ற-விண்ணப்பங்கள்’ என்று இரண்டு பாதை வேண்டாம். ஒரே ஃபார்ம், ஒரே பாதை, ஒரே ‘ஸ்டோர்’ ஆக்‌ஷன். உடலில் உள்ளதைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவை ரூட்டரிடம் கொடுக்கக் கூடாது. ஆக்‌ஷனுக்கு உள்ளே, அதுவும் தரவைச் சரிபார்த்த பிறகு எடுக்க வேண்டும். பாதையைப் பிரித்தீர்கள் என்றால், சமூகத்தைத் தவறாகத் தேர்ந்து சேமித்த ஒருவரின் பதிவைப் பிறகு திருத்தும்போது அது எந்தப் பாதையைச் சேர்ந்தது என்றே குழம்பிவிடும்.

உங்கள் மலையே இதற்கு நல்ல சோதனை. கல்வராயன் மலைத்தொடர் கள்ளக்குறிச்சி மாவட்டத்தோடு நின்றுவிடவில்லை, கருமந்துறைப் பக்கம் சேலம் மாவட்டம். வெள்ளிமலையிலிருந்து ஒரு மலையாளி மாணவர் விண்ணப்பித்தால் கள்ளக்குறிச்சிக் கோட்டாட்சியர். கருமந்துறையில் இருக்கும் அவருடைய மாமன் மகன் விண்ணப்பித்தால் ஆத்தூர்க் கோட்டாட்சியர். ஒரே மலை, ஒரே சமூகம், ஒரே படிவம், அலுவலர் மட்டும் வேறு. ‘பழங்குடி என்றால் கள்ளக்குறிச்சி’ என்று ஓர் ‘இஃப்’ வரி எழுதியிருந்தால் இந்த இடத்தில் அது தவறும். இதை நிரலில் எழுதாமல் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையாக வையுங்கள்: சமூக வகுப்பு, வட்டம், அதற்கான அலுவலர் என்று மூன்று நெடுவரிசை. ஸ்டோர் ஆக்‌ஷன் அந்த அட்டவணையைக் கேட்டு, கிடைத்த அலுவலரின் பெயரைப் பதிவில் எழுதினால் போதும்.

அட்டவணை ஏன் என்றால், எல்லைகள் நம் காலத்திலேயே நகர்கின்றன. 1993 வரை உங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டம். அந்த ஆண்டு அது கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தபோது விழுப்புரத்தோடு போயிற்று. 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் பிறகும் வாணாபுரம் என்று ஒரு புதிய வட்டம் சேர்ந்திருக்கிறது. ‘/விழுப்புரம்/விண்ணப்பங்கள்’ என்று பாதையில் மாவட்டத்தை எழுதி 2018-இல் ஒருவர் தளம் செய்திருந்தால், அடுத்த ஆண்டே ஃபார்ம், ரூட், சேமித்து வைத்த இணைப்பு எல்லாவற்றையும் மாற்றியிருக்க வேண்டும். மாறக்கூடிய எதையும் பாதைக்குள் வைக்காதீர்கள்.

பழைய பெயர்களை அழித்துவிடவும் வேண்டாம். பழங்குடிப் பட்டியலில் மலையாளி சமூகம் மாவட்டங்களைக் குறித்துத்தான் இடம்பெற்றிருக்கிறது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் பட்டியலில் தென்னார்க்காடு, சேலம் உள்ளிட்ட அன்றைய மாவட்டப் பெயர்கள் இருக்கின்றன, அப்போது கள்ளக்குறிச்சி என்று ஒரு மாவட்டமே கிடையாது. ‘மலையாளி என்றால் மாவட்டம் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்’ என்று அந்தப் பெயர்களை அப்படியே வைத்துச் சரிபார்ப்பு எழுதினால், உங்கள் ஊர்க்காரர் அத்தனை பேரையும் உங்கள் ஃபார்மே திருப்பி அனுப்பிவிடும். இன்றைய மாவட்டம் எந்தப் பழைய மாவட்டத்திலிருந்து வந்தது என்ற தொடர்பும் அதே தரவுத்தளத்தில் இருக்கட்டும்.

இனி பிழைகள்.

405 என்றால் பாதை சரி, செயல்முறை தவறு. எச்டிஎம்எல் ஃபார்முக்குச் சர்வரிடம் பேச இரண்டே செயல்முறைகள் தெரியும்: கெட், போஸ்ட். நீங்கள் ‘ரூட் ரிசோர்ஸ்’ என்று ஒரே வரியில் எழுதியிருப்பீர்கள். அது ஏழு ஆக்‌ஷன்களைத் திறந்து வைக்கும். பட்டியலுக்கு இன்டெக்ஸ், வெற்று ஃபார்முக்குக் கிரியேட், அதை வாங்க ஸ்டோர், ஒன்றைக் காட்ட ஷோ, திருத்தும் ஃபார்முக்கு எடிட், அதை வாங்க அப்டேட், நீக்க டெஸ்ட்ராய். ரெயில்ஸிலிருந்து வந்த ஏற்பாடு இது. இதில் அப்டேட் ‘புட்’ அல்லது ‘பேட்ச்’ செயல்முறையையும், டெஸ்ட்ராய் ‘டெலீட்’ செயல்முறையையும் எதிர்பார்க்கின்றன. ஃபார்மால் அவற்றை அனுப்ப முடியாது. நீங்கள் ‘/விண்ணப்பங்கள்/42’ என்ற பாதைக்குப் போஸ்ட் அனுப்புகிறீர்கள், அந்தப் பாதையில் போஸ்டுக்கு ஆளில்லை. பிழைச் செய்தியின் கடைசி வரியைப் படித்தீர்களா? ‘இங்கே கெட், ஹெட், புட், பேட்ச், டெலீட் மட்டுமே ஏற்கப்படும்’ என்று லாராவெலே சொல்லியிருக்கும். பலரும் 405 என்ற எண்ணைப் பார்த்ததும் திரையை மூடிவிடுகிறார்கள்.

தீர்வு எளிது. ஃபார்முக்குள் ‘அட் மெத்தட்’ என்ற பிளேடு (லாராவெலின் பக்க வார்ப்புரு) கட்டளையைப் புட் என்ற சொல்லோடு எழுதுங்கள். அது ‘அடிக்கோடு மெத்தட்’ என்ற பெயரில் மறைவான புலம் ஒன்றை உருவாக்கும். போஸ்டாக வந்த கோரிக்கையில் அந்தப் புலம் இருந்தால் லாராவெல் அதைப் புட் என்றே எடுத்துக்கொண்டு ரூட் தேடும். உடலைப் படிப்பதில்லை என்று மேலே சொன்னேனே, இது ஒன்றுதான் விதிவிலக்கு. அதுவும் ஃபார்மின் இயலாமையை ஈடுகட்ட வைத்த ஒட்டு.

ஸ்பிரிங் போன்றவற்றில் உடலில் உள்ள ஒரு புலத்தின் பெயரை வைத்து ஆக்‌ஷனைப் பிரிக்க அதிகாரபூர்வமாகவே வழி இருக்கிறது. ‘வரைவாகச் சேமி’, ‘அனுப்பு’ என்று ஒரே ஃபார்மில் இரண்டு பொத்தான் வைக்கும்போது அதைப் பயன்படுத்துவார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாரோ அதன் பெயர் மட்டுமே உடலில் வரும் என்பதால் இது சாத்தியமாகிறது. உங்களுக்கு அது தேவைப்பட்டால் இரண்டாவது பொத்தானில் ‘ஃபார்ம்ஆக்‌ஷன்’ பண்பைக் கொடுத்து வேறு பாதைக்கு அனுப்பிவிடுங்கள், முதல் வரியே வேறாகிவிடும்.

419 லாராவெலுக்கே உரிய எண், எச்டிடிபி தரத்தில் கிடையாது. ஃபார்மோடு போக வேண்டிய இரகசிய டோக்கன் இல்லை, அல்லது காலாவதியாகிவிட்டது என்று பொருள். வேறொரு தளம் உங்கள் சித்தப்பாவின் லாகினைப் பயன்படுத்தி அவருக்குத் தெரியாமல் ஃபார்மை அனுப்பிவிடாமல் இருக்க இந்தக் காவல். எப்போதும் 419 வந்தால் ‘அட் சிஎஸ்ஆர்எஃப்’ எழுத மறந்திருக்கிறீர்கள். உங்களுக்குச் சில நேரம் மட்டும் வருகிறது, எனவே இது செஷன் விவகாரம். லாராவெலில் செஷனின் இயல்பான ஆயுள் 120 நிமிடம். காலையில் ஃபார்மைத் திறந்து வைத்துவிட்டு, ‘ரேஷன் கார்டு வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன்’ என்று போனவர் மலையிறங்கி ஏறி மதியம் வந்து நின்றால் அந்த டோக்கன் செத்திருக்கும். இ-சேவை மையத்தில் இது தினமும் நடக்கும். அமைப்புக் கோப்பில் செஷன் ஆயுளை ஒரு வேலை நாள் அளவுக்கு நீட்டுங்கள். காவலையே எடுத்துவிடலாம் என்று இணையத்தில் யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள்.

ஒரு வேடிக்கை. 404, 405, 419, 422, 500. லாராவெலில் இந்த வரிசையில் எண் ஏற ஏறக் கோரிக்கை உள்ளே உள்ளே போயிருக்கிறது. 404-இல் பாதையே இல்லை. 405-இல் பாதை உண்டு, செயல்முறை இல்லை. 419-இல் ரூட் பொருந்திவிட்டது, காவலில் நின்றது. 422-இல் காவலும் தாண்டி, சரிபார்ப்பில் தோற்றது. (சாதாரண ஃபார்மில் இந்த எண் கண்ணில் படாது, பழைய பக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடும்.) 500 என்றால் பெரும்பாலும் ஆக்‌ஷனுக்குள் உங்கள் நிரல்தான் விழுந்திருக்கிறது. யாரும் திட்டமிட்டு வைத்த வரிசையல்ல, ஆனாலும் எங்கே தேட வேண்டும் என்று சட்டெனச் சொல்லிவிடும். ஒரே எச்சரிக்கை: ரூட் சரியாக இருந்து 42-ஆம் எண் பதிவு தரவுத்தளத்தில் இல்லாவிட்டாலும் 404 வரும்.

இப்போது பிழையே காட்டாத அந்த மர்மம். உங்கள் ஃபார்மின் ஆக்‌ஷன் மதிப்பு ‘/விண்ணப்பங்கள்/’ என்று சாய்கோட்டில் முடிகிறதா? முடிகிறது என்றே நினைக்கிறேன். லேப்டாப்பில் நீங்கள் ‘ஆர்ட்டிசன் சர்வ்’ கொண்டு ஓட்டுகிறீர்கள். அங்கே எச்டிஅக்செஸ் கோப்புக்கு வேலை இல்லை. கடைசிச் சாய்கோட்டை லாராவெல் கண்டுகொள்ளாமல் பாதையைப் பொருத்திவிடும், பதிவு ஏறிவிடும். ஹோஸ்டிங்கில் இருப்பது அப்பாச்சி. லாராவெலோடு வரும் எச்டிஅக்செஸ் கோப்பில், ‘கடைசியில் சாய்கோடு இருந்தால் அது இல்லாத முகவரிக்குத் திருப்பு’ என்று ஒரு விதி இருக்கிறது. திருப்புவது 301 என்ற எண்ணோடு. போஸ்டுக்கு 301 பதிலாக வந்தால் உலாவிகள் என்ன செய்யும் தெரியுமா? புதிய முகவரிக்குக் கெட் அனுப்பும். உடலைத் தூக்கிப் போட்டுவிடும். கெட்டோடு ‘/விண்ணப்பங்கள்’ என்றால் உங்கள் ரூட் பட்டியலில் அது இன்டெக்ஸ். இன்டெக்ஸ் தன் வேலையைச் சரியாகச் செய்து பட்டியலைக் காட்டுகிறது. சர்வரின் கணக்கில் எந்தத் தவறும் நடக்கவில்லை, அதனால் பிழைச் செய்தியும் இல்லை. சித்தப்பா நிரப்பிய அத்தனை புலமும் வழியிலேயே போயிற்று.

‘எச்டிடிபி’யில் தொடங்கும் முகவரியை ‘எச்டிடிபிஎஸ்’க்குத் திருப்பும்போதும் இதே விபத்து நடக்கும். செயல்முறையை மாற்றாமல் திருப்ப 307, 308 என்று எண்கள் இருக்கின்றன, ஆனால் நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம். பாதையைக் கையால் தட்டச்சுவதையே விட்டுவிட்டு, ரூட்டுக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லி ‘ரூட்’ என்ற உதவி ஃபங்ஷனிடமிருந்து முகவரியை வாங்கி ஆக்‌ஷனில் போடுங்கள். ஜாங்கோக்காரர்களுக்கு இதே தலைவலி தலைகீழாக வரும். அங்கே இயல்பாகச் சாய்கோடு வேண்டும், அது இல்லாமல் போஸ்ட் அனுப்பினால் சோதனை முறையில் இருக்கும்போது ஜாங்கோவே சத்தம் போட்டு நிறுத்திவிடும்.

ஆக்‌ஷன் கிடைத்த பிறகு, உடலில் உள்ளவை அதற்குள் எப்படி வந்து சேர்கின்றன என்பதை நீங்கள் கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் கேட்பீர்கள்.

புலத்தின் ‘நேம்’ பண்பு மட்டுமே போகும். ‘ஐடி’ போகாது. நேம் எழுத மறந்த பெட்டியில் சித்தப்பா எவ்வளவு தட்டச்சினாலும் சர்வருக்கு அது வராது. முடக்கி வைத்த புலமும் வராது. டிக் செய்யாத பெட்டி ‘இல்லை’ என்று வராது, வரவே வராது. ‘சான்று கையில் கிடைத்துவிட்டது’ என்ற பெட்டியில் இருந்த டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தாலும் பழைய மதிப்பே நிற்கிறது என்று ஒரு நாள் திகைப்பீர்கள். அதே நேமில் பூஜ்யம் மதிப்புள்ள மறைவான புலம் ஒன்றை முன்னால் வைப்பது வழக்கமான மருந்து.

தமிழ் உள்ளீட்டைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், தேவையில்லை. சாதாரண ஃபார்ம் தமிழ் எழுத்தின் ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறியும் இரண்டு எழுத்துமாக மாற்றி அனுப்பும். ‘வெள்ளிமலை’ என்ற சொல் யூனிகோடில் 9 குறியீடு, யுடிஎஃப்-8 முறையில் 27 பைட், வழியில் அது 81 எழுத்தாக நீளும். சர்வர் அதைத் திரும்ப வெள்ளிமலையாகவே படித்துக்கொள்ளும். புகைப்படம், ரேஷன் கார்டு ஸ்கேன் எல்லாம் ஏற்றப் போகிறீர்கள் என்றால் ஃபார்மின் ‘என்க்டைப்’ பண்பை மல்டிபார்ட் வகைக்கு மாற்ற வேண்டும். மறந்தால் கோப்பின் பெயர் மட்டும் வரும், கோப்பு வராது.

இந்த ஃபார்மைக் கெட் முறையில் அனுப்பிவிடாதீர்கள். மெத்தட் எழுத மறந்தால் உலாவி கெட் என்றே எடுத்துக்கொள்ளும். அப்போது பெயரும் சமூகமும் வருமானமும் முகவரிப் பட்டையில் வந்து நிற்கும். நாலு பேர் தொடும் மையத்துக் கணினியின் வரலாற்றிலும், சர்வரின் பதிவேட்டிலும் தங்கிவிடும். தேடல் பெட்டிக்குக் கெட் சரி. ஆளின் விவரத்துக்குக் கூடாது. ஆதார் எண்ணை உங்கள் தளத்தில் வாங்காதீர்கள் என்றும் சொல்லி வைக்கிறேன். நோட்டில் கூட அதை எழுத வேண்டிய அவசியம் சித்தப்பாவுக்கு இல்லை.

வந்த உடலை அப்படியே தூக்கி மாடலில் ஊற்றும் பழக்கம் லாராவெல் மாணவர்களிடம் அதிகம். ‘ரிக்வெஸ்ட் ஆல்’ என்று ஒரே வரி, வேலை முடிந்தது. உங்கள் அட்டவணையில் ‘நிலை’ என்று ஒரு நெடுவரிசை இருக்கும். ஃபார்மில் அந்தப் புலமே இல்லாவிட்டாலும், உலாவியின் கருவிகளைக் கொண்டு யாரும் ‘நிலை = ஒப்புதல்’ என்று ஒரு புலத்தைச் சேர்த்து அனுப்பலாம். 2012 மார்ச்சில் எகோர் ஹோமகோவ் என்ற இளைஞர் கிட்ஹப் தளத்திலேயே இப்படி ஒரு புலத்தை நுழைத்து, ரெயில்ஸ் திட்டத்தின் களஞ்சியத்தில் எழுதும் உரிமையைத் தனக்குத் தானே கொடுத்துக்கொண்டு காட்டினார். ரெயில்ஸ்காரர்கள் அடுத்த பெரிய பதிப்பில் இதற்கான தடுப்பை இயல்பாகவே வைத்துவிட்டார்கள். லாராவெலில் ‘ஃபில்லபிள்’ பட்டியல் இருப்பது இதற்காகத்தான். அதைவிட, சரிபார்ப்பில் தேறிய புலங்களை மட்டும் எடுத்துக்கொள்வது நல்லது. அலுவலர் யார் என்பதையும் ஃபார்மிலிருந்து வாங்காதீர்கள், அட்டவணையிலிருந்து எடுங்கள்.

சேமித்து முடித்ததும் ஸ்டோர் ஆக்‌ஷன் நேரடியாக ஒரு பக்கத்தைக் காட்டக் கூடாது, ரீடைரக்ட் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தைப் புதுப்பிக்கும்போதெல்லாம் உலாவி அதே போஸ்டை மறுபடி அனுப்பும். உங்கள் மலையில் சிக்னல் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் யாராக இருந்தாலும் பொத்தானை இரண்டாம் முறை அழுத்துவார்கள். முதல் கோரிக்கை போய்ச் சேர்ந்து, அதன் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். ரீடைரக்ட் இதைத் தடுக்காது. ஃபார்மைக் காட்டும்போதே கிரியேட் ஆக்‌ஷன் ஒரு தனித்த எண்ணை உருவாக்கி மறைவான புலத்தில் வைக்கட்டும். தரவுத்தளத்தில் அந்த நெடுவரிசைக்கு ‘யூனிக்’ கட்டுப்பாடு போடுங்கள். இரண்டாவது முறை வந்தால், ஏற்கெனவே இருக்கும் பதிவுக்கே அனுப்பிவிடுங்கள்.

ரூட் கோப்பில் நீங்களாகச் சேர்க்கும் வரிகளின் வரிசையையும் பாருங்கள். ‘/விண்ணப்பங்கள்/நிலுவை’ என்று ஒரு பக்கம் சேர்ப்பதானால், அது ரிசோர்ஸ் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே போட்டால் ‘நிலுவை’ என்பதையும் ஒரு பதிவு எண் என்று நினைத்து ஷோ ஆக்‌ஷன் வாங்கிக்கொள்ளும்.

இன்று செய்ய வேண்டியது: ஃபார்மில் கடைசிச் சாய்கோட்டை எடுங்கள், எடிட் பக்கத்தில் ‘அட் மெத்தட்’ சேருங்கள், பிறகு ‘பிஎச்பி ஆர்ட்டிசன் ரூட்:லிஸ்ட்’ கட்டளையை ஓட்டி, திரையில் வரும் பட்டியலை ஒரு முறை முழுதாகப் படியுங்கள். உலாவியில் எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டே ‘சேமி’யை அழுத்துங்கள். அங்கே ‘பிரிசர்வ் லாக்’ என்பதில் டிக் இருக்கட்டும், இல்லாவிட்டால் ரீடைரக்ட் ஆனதும் முந்தைய வரிகள் மறைந்துவிடும். போஸ்ட் என்று ஒரு வரியும், அதற்கு 301 பதிலும், உடனே கெட் என்று இன்னொரு வரியும் தெரிந்தால் நான் சொன்னதுதான் காரணம். 301-க்குப் பதில் 302 தெரிந்தால் அது வேறு: சரிபார்ப்பில் தோற்றுத் திரும்பியிருக்கலாம், அல்லது பதிவு நன்றாகவே ஏறி உங்கள் ஆக்‌ஷனே ரீடைரக்ட் செய்திருக்கலாம். அப்படியென்றால் அந்த இரண்டு வரிகளையும் ரூட்:லிஸ்ட் பட்டியலையும் அனுப்புங்கள், பார்க்கிறேன். விண்ணப்பதாரர்களின் விவரம் உள்ள திரையைப் படமெடுத்து அனுப்ப வேண்டாம்.